வராதவர் காணி அரசின் காணியா?

"மூன்று மாதம் அவகாசம் கொடுத்தாயிற்று. உறுதி வைத்திருப்பவர் கொண்டுவந்து காட்டட்டும். ஒருவரும் வராத காணி அரசுக்குத்தானே சேர வேண்டும்?" இலங்கையின் வடக்குக் காணிகளைப் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் இந்த வாதம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதிகாரிகள் சொல்கிறார்கள். கொழும்பில் அரசியல் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்களின் வளவுகள் பற்றைக்காடாகக் கிடப்பதைப் பார்த்து அலுத்துப்போன நம்மூர்க்காரர்களும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட 2430ஆம் இலக்க வர்த்தமானி இந்த நியாயத்தின் மேல்தான் எழுப்பப்பட்டது. 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு அறிவித்தல் விடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற நம் கணக்கில் இது 95,000 பரப்பு. வீடு, கிணறு, நாலு தென்னை, ஒரு மாட்டுக்கொட்டில் எல்லாவற்றையும் இரண்டு மூன்று பரப்புக்குள் அடக்கி வாழ்ந்துவிடுகிற ஊரில் அது எத்தனை குடும்பங்களின் நிலம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் உரிமை கோரப்படாதவை அரச காணி என்று பிரகடனம் செய்யப்படலாம் என்பதே அறிவித்தலின் சாரம்.

எதிர்ப்புக் கிளம்பியதும் அரச தரப்பு சொன்ன விளக்கத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். "காணியைப் பிடுங்குவது எங்கள் நோக்கமில்லை. உரித்துத் தெளிவில்லாத காணிகளுக்கு ஒரு முடிவு கட்டி, உறுதியில்லாமல் இருப்பவர்களுக்கு உறுதி கொடுக்கப் பார்க்கிறோம். அதற்குச் சட்டம் வகுத்த வழி இதுதான். யாருடையது என்று தெரியாத நிலத்தை எத்தனை காலம் அப்படியே விட்டுவைப்பது?" நல்லெண்ணம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சட்டத்தை அதைக் கையில் வைத்திருப்பவரின் எண்ணத்தைக் கொண்டு அளக்க முடியாது. அடுத்து அதைக் கையில் எடுப்பவர் யார் என்று எவருக்கும் தெரியாது.

இந்தச் சட்டத்தில் அறிவித்தல் விடுவது அரசு. அவகாசத்தின் அளவைத் தீர்மானிப்பது அரசு. வருகிறவரின் ஆவணத்தைப் பார்த்து ஏற்பதோ தள்ளுவதோ அரசின் நிர்ணய அதிகாரி. ஒருவரும் வராவிட்டால் காணியை எடுத்துக்கொள்வதும் அதே அரசு. அந்த அதிகாரியின் நிர்ணயக் கட்டளை வர்த்தமானியில் வந்துவிட்டால் அதுவே உரித்துக்கு முடிவான சான்று, முன்பிருந்த உறுதிகள் எல்லாம் அதோடு அடங்கிப்போகும். வழக்காளியும் நீதவானும் ஏலம் எடுப்பவரும் ஒருவரே. இப்படி ஓர் ஏற்பாட்டில் "யாரும் வரவில்லை" என்பதற்கு என்ன சான்று மதிப்பு இருக்கிறது? உரிமையாளர் இல்லை என்பதை அது காட்டாது. அந்த மூன்று மாதத்தில் அந்தக் கந்தோருக்கு ஒருவரும் வந்துசேரவில்லை என்பதை மட்டுமே காட்டும்.

மூன்று மாதம் என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். 1840இல் கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகள் மேல் வெள்ளைக்காரர் கண் விழுந்தபோது, அந்த ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் வந்தது. காடாக, தரிசாக, ஆளில்லாமல், பயிரில்லாமல் கிடக்கும் நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று அது எடுத்துக்கொண்டது. கண்டிப் பகுதியில் சேனைப் பயிர் செய்யும் நிலத்துக்கு இன்னும் கடுமையான விதி. அரசன் கொடுத்த சன்னஸ் போன்ற பட்டயத்தையோ வழமையான வரி, சேவை செலுத்தியதையோ நிரூபித்தால்தான் உரிமை. சேனை நிலம் என்பது ஓரிரு போகம் விதைத்துவிட்டு, மண் தேறுவதற்காகப் பல ஆண்டுகள் காடாக விடப்படுவது. விட்டுவைப்பதுதான் அங்கே விவசாயம். அளவையாளர் வந்த நாளில் அது காடாகத் தெரிந்தது. எந்தச் சிங்களக் குடியானவனிடம் அரசனின் பட்டயம் இருந்தது? அவனுடைய பாட்டன் விதைத்த நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கோப்பித் தோட்டமானது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். 1844இல்தான் விலை இருபது ஷில்லிங்காக உயர்ந்தது.

அதற்குப் பிறகு 1897ஆம் ஆண்டின் முதலாம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டம். அரசாங்க அதிபர் அறிவித்தல் ஒட்டுவார், மூன்று மாதத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் நிலம் முடிக்குப் போய்விடும். 1931இன் சட்டம் இதன் வாரிசு. விக்டோரியா மகாராணி காலத்து மூன்று மாதம், நூற்று இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, இடதுசாரி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஓர் அரசாங்கத்தின் வர்த்தமானியில் ஒரு நாள்கூடக் கூடாமல் குறையாமல் வந்து நிற்கிறது. இந்தச் சட்டக் குடும்பத்தால் முதலில் நிலம் இழந்தவர்கள் கண்டிச் சிங்களவர்கள். அந்த அநியாயத்தைப் பேசிப் பேசியே வளர்ந்த அரசியல் மரபு ஒன்று தெற்கில் உண்டு. அந்த மரபில் வந்தவர்கள், தங்கள் பாட்டன்மாரை ஏமாற்றிய அதே கருவியை வடக்கில் இறக்கியபோது அவர்களுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத காரியம்.

"அது வெள்ளைக்காரன் காலம், இப்போது யாரும் அப்படி ஏமாற்றப் போவதில்லை" என்பவர்களுக்கு 2013 ஏப்ரலை ஞாபகப்படுத்த வேண்டும். வலிகாமம் வடக்கில் பலாலியையும் காங்கேசன்துறையையும் சுற்றி 6,381 ஏக்கரைப் படையினருக்காகச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்று அவை சொல்லின. கண்டறிய முடியாத அந்த உரிமையாளர்கள் எங்கே இருந்தார்கள்? 1990 ஜூனில் ஊரைவிட்டு ஓடியவர்களில் பலர் சில கிலோமீற்றர் தெற்கே, சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகம் கோணாப்புலம் முகாமிலும் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். அவர்களின் பெயர் கிராம அலுவலரின் பதிவில் இருந்தது, வாக்காளர் இடாப்பில் இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர்கள் எல்லாரும் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். காணிக்கு வந்தபோது மட்டும் அரசின் கண்ணுக்கு அவர்கள் மறைந்துபோனார்கள். சில கிழமைக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுவோடு நின்றதைப் பார்த்த பிறகும், "கண்டறிய முடியவில்லை" என்ற வரியை எழுதியவரிடம் யாரும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் தங்கள் காணிக்குப் போகாதது போக மனமில்லாமல் அல்ல. உயர் பாதுகாப்பு வலயம் என்று முட்கம்பி போட்டு, காவலரணில் துவக்கோடு ஆளை நிறுத்தி, போகாதே என்று தடுத்தது அரசு. இருபத்து மூன்று ஆண்டுகள் தடுத்துவைத்துவிட்டு, "இத்தனை காலம் நீ வரவில்லையே" என்று அதே அரசு கேட்கிறது. கதவைப் பூட்டியவனே வீட்டுக்காரன் வரவில்லை என்று சாட்சி சொல்லும் கதை இது. எந்த நாட்டுச் சட்டத்திலும் ஒருவர் தான் செய்த தவறைக் காட்டித் தான் ஆதாயம் தேட முடியாது. தனியார் ஒருவர் இப்படி ஒரு வாதத்தோடு நீதிமன்றம் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

மீனவர்களைக் கேளுங்கள். 1992இல் இரணைதீவைவிட்டு வெளியேறிய மக்களைக் கடற்படை திரும்ப விடவில்லை. மனுக் கொடுத்தார்கள், மறியல் இருந்தார்கள், முழங்காவில் கரையிலிருந்து தங்கள் தீவைப் பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். 2018 ஏப்ரலில் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே போய் இறங்கினார்கள். இடிந்த வீடுகளுக்கு நடுவே இது யாருடைய வளவு, அது யாருடைய கிணறு என்று காட்ட அவர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் எந்த ஆண்டிலாவது ஓர் அறிவித்தல் ஒட்டி மூன்று மாதம் கொடுத்திருந்தால், சட்டத்தின் கணக்கில் அந்தத் தீவு உரிமை கோராத காணியாகியிருக்கும். கேப்பாப்புலவில் 2017இல் தங்கள் காணியைத் திரும்பக் கேட்டுப் படைமுகாம் வாசலில் கொட்டகை போட்டு மாதக்கணக்காக இருந்த பெண்களும் இதே கணக்கில் "வராதவர்கள்"தான்.

சரி, வரலாற்றை விடுவோம். அரசு யோக்கியமாகவே அறிவித்தல் விடுகிறது, தடுப்பவர் எவருமில்லை, உரிமையாளர் வந்து காட்ட வேண்டியதுதான் பாக்கி என்றே எடுத்துக்கொள்வோம். அவர் எதைக் காட்ட வேண்டும்?

யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நொத்தாரிசு எழுதிய அந்தத் தாளில் காணிக்கு ஒரு பெயர் இருக்கும், இன்னின்ன பரப்பு வரகு விளைநிலம் என்று அளவு இருக்கும். எல்லைகள் கிழக்கே இன்னார் வளவு, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் பிள்ளைகள் என்று அயலவர் பெயர்களால் குறிக்கப்பட்டிருக்கும். அந்த அயலவர் இறந்து அவருடைய பேரப்பிள்ளைகள் நோர்வேயில் இருப்பார்கள். காணி முழுதும் ஒருவருக்கு இருப்பதும் அபூர்வம். பாட்டியின் சீதன உறுதியில் வந்தது நாலு பிள்ளைகளுக்குப் பிரிபடாப் பங்காக இறங்கி, அதில் ஒரு பங்கு நன்கொடையாக மருமகளுக்குப் போய், கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனியாக எழுதப்பட்டிருக்கும். தேசவழமையில் பங்காளிக்குச் சொல்லாமல் பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. இது ஒழுங்காகவே நடந்த, நூற்றாண்டுகளாகப் பதிவான, ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்புவரை வேர் போகும் முறை. ஆனால் ஒரு துண்டுக் காணிக்கு உரிமை கோர எட்டுப் பேர் வேண்டும், எட்டுப் பேரும் நாலு நாட்டில் இருப்பார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் மண்டபம் முகாமில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள், ஆகவே இது கற்பனை ஆளில்லை. அவருக்கு முதலில் கொழும்பில் ஒரு வர்த்தமானி வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அதில் வரும் வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும் தன் வளவைக் குறிப்பவை என்று புரிய வேண்டும். உறுதியில் அந்த இலக்கம் கிடையாது, காணியின் பெயர்தான் உண்டு. பிறகு ஊரிலுள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குச் சென்னைக்குப் போய்த் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் நிற்க வேண்டும். முகாமிலிருந்து வெளியே போகவும் அனுமதி வேண்டும். முகாமில் பிறந்த மகளுக்கு இலங்கைக் குடியுரிமைப் பத்திரமே இன்னும் கிடைத்திருக்காது, அவள்தான் வாரிசு. கடைசியாக உறுதி. அது 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயிருக்கலாம், 2009இல் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழியோடு எரிந்திருக்கலாம். பிரதியெடுக்கப் பதிவகத்துக்குப் போனால் அந்தப் பதிவேடே போரில் அழிந்திருக்கலாம். வர்த்தமானியில் வந்த காணிகளில் வடமராட்சி கிழக்கும் முள்ளிவாய்க்கால் பக்கமும் இருந்தன. கடற்கோளும் போரும் ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்துவிட்டுப் போன கரையோரம். நாட்டிலேயே உறுதி கேட்கக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

உறுதியோடு வந்து நின்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். தையிட்டியில் தனியார் காணிகளில் படையினரின் துணையோடு எழுந்த திஸ்ஸ விகாரையின் முன்னால் உரிமையாளர்கள் போயா தினங்களில் கூடிப் போராடி வருகிறார்கள். காணியின் பெயரும் உரிமையாளரின் பெயரும் எல்லாருக்கும் தெரியும். வந்தவருக்குக் காணி திரும்பக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே வராதவரைக் குற்றம் சொல்லலாம்?

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் நான் இலேசாகத் தள்ள மாட்டேன். நிலம் சும்மா கிடக்கிறது, அதில் வேறொருவர் பல ஆண்டுகளாக வாழ்கிறார், அவருக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, அவர் என்ன செய்வார் என்ற கேள்வி அது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் காடு வெட்டிக் கழனியாக்கிய நிலத்தில் ஒரு பகுதிக்கு உறுதி யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அவர் அந்த மண்ணை மிதித்தே இருக்க மாட்டார். இங்கே வெறும் உறுதியின் பக்கம் நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. யாழ்ப்பாணத்து எழுத்தாளர்கள் காணி அபகரிப்பைப் பற்றி எழுதும்போது இந்த மக்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடுவது வசதி.

ஆனால் மூன்று மாத அறிவித்தல் இவர்களுக்கு எதைத் தரும்? அது தனியாரிடமிருந்து காணியை எடுத்து அரசின் கையில் வைக்கும். அரசு மனம் வைத்தால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு ஒரு பேமிற், அதாவது அனுமதிப்பத்திரம், கிடைக்கும். அதை விற்க முடியாது, அதிகாரியின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது, நிபந்தனை தவறினால் இரத்தாகலாம். உரித்து கொடுக்கவே இதைச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பிரதேச செயலகத்தின் வாசலில் நிற்கும் குடியிருப்பாளர்களைத்தான் இந்த வழி உண்டாக்கும். உண்மையிலேயே அவர்களுக்குக் காணி கொடுக்க வேண்டுமென்றால் நாட்டின் காணியில் பெரும்பங்கு ஏற்கெனவே அரசிடம்தான் இருக்கிறது. உறுதிக்காரருக்கு நட்டஈடும் குடியிருப்பவருக்கு உறுதியும் கொடுப்பதற்கு எந்த வர்த்தமானியும் குறுக்கே நிற்கவில்லை.

நம் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை, ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருபது ஆண்டுகள் கிடந்தபோது அவர்களின் வீடுகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள், சில வீடுகள் மலிவு விலைக்குக் கைமாறின. மன்னாரின் முசலிப் பக்கத்தில் மறிச்சுக்கட்டியையும் கரடிக்குளியையும் சூழ்ந்த நிலம் ஆளில்லாத காலத்தில் காடாகி, 2012இல் வன ஒதுக்கமாக வர்த்தமானியிலும் ஏறியது. திரும்பி வந்தவர்கள் காடழிப்பவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். வராதவன் காணி வந்தவனுக்கு என்ற நியாயத்தை நாம் வலிகாமத்தில் மறுத்துவிட்டு, முஸ்லிம்கள் வாழ்ந்த யாழ்ப்பாணச் சோனகத்தெருவில் ஏற்றுக்கொள்ள முடியாது. முசலியில் 1840இன் சேனை நிலக் கதையே மறுபடி நடந்தது. ஆள் இல்லாத நிலத்தில் மரம் வளரும், வளர்ந்த மரத்தைக் காட்டி நிலம் யாருடையதுமில்லை என்று சொல்லலாம்.

வராதவர் எல்லாரும் காணியைக் கைவிட்டவர் அல்லர் என்ற உண்மை இலங்கைச் சட்டத்துக்குத் தெரியாமலில்லை என்பதுதான் வேடிக்கை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மற்றவரின் காணியைப் பத்து ஆண்டு தடையின்றி எதிராக அனுபவித்தவர் உரித்துக் கேட்கலாம். ஆனால் உரிமையாளர் சிறுபிள்ளையாக இருந்தால், சித்தசுவாதீனம் இல்லாதவராக இருந்தால், கடல் கடந்து இருந்தால் அந்தக் காலம் அவருக்கு எதிராக ஓடாது, முப்பது ஆண்டு என்ற உச்சவரம்புவரை. கடல் கடந்திருப்பவன் தன் காணியைக் கைவிட்டவன் அல்லன் என்பது ஆங்கிலேயன் எழுதிய சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. 2016இல் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய் 5ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தன் உரிமையைத் தேட முடியாமல் போனவருக்கு எதிராக அந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். அதிலும் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்டவர் என்றே எழுதினார்கள். அரசின் முட்கம்பியால் பாதிக்கப்பட்டவருக்கு அதில் பெயர் சொல்லி இடம் வைக்கவில்லை.

இந்த ஆட்சியுரிமைச் சட்டத்தையும் மூன்று மாத அறிவித்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் வளவில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தினால், அவர் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும், நான் லண்டனில் இருந்தால் அதுவும் போதாது, போர்க்காலம் கணக்கிலேயே வராது. நான் அரசின் காணியில் பத்து ஆண்டு இருந்தால் அந்தச் சட்டம் எனக்கு உதவாது, அரசின் உரிமையை அது தொடாது என்று அதன் 15ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அரசு என் வளவை எடுப்பதற்கு மட்டும் மூன்று மாதமும் ஓர் அறிவித்தலும் போதும். பலமுள்ளவருக்குக் குறைந்த அவகாசமும் பலமில்லாதவருக்குக் கூடிய நிபந்தனையும் என்பதைத்தான் "எல்லாருக்கும் பொதுவான சட்டம்" என்று நம்மிடம் சொல்கிறார்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், பொஸ்னியாவைப் பார்க்கலாம். அங்கே போரின்போது இலட்சக்கணக்கானவர்கள் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். ஆட்சியாளர்கள் கைவிடப்பட்ட சொத்துச் சட்டங்கள் போட்டு அந்த வீடுகளில் தங்கள் ஆட்களைக் குடியேற்றினார்கள். 1995 டிசம்பரில் போர் முடிந்ததும் சரயேவோவில் என்ன செய்தார்கள் தெரியுமா? அரச குடியிருப்புகளில் இருந்தவர்கள் திரும்பி வந்து வீட்டைக் கேட்க, உள்நாட்டில் இடம்பெயர்ந்தவருக்கு ஏழு நாளும் வெளிநாட்டு அகதிக்குப் பதினைந்து நாளும் கொடுத்தார்கள். அதுவும் கிறிஸ்துமஸ் பனிக்காலத்தில், பாலமும் பாதையும் இல்லாத நாட்டில். யாரும் வரவில்லை என்று வீடுகள் போயின. நம் மூன்று மாதம் அதோடு ஒப்பிட்டால் தாராளம்தான். ஆனால் வாதம் ஒன்றே.

பொஸ்னியா அந்த வாதத்தை ஏற்கவில்லை, அல்லது ஏற்க விடப்படவில்லை. சர்வதேச உயர் பிரதிநிதியின் அழுத்தத்தில் 1998இல் அந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. போர்க்காலத்துக் கைமாற்றங்கள் தற்காலிகமானவை என்று ஆயின. தனியார் வீட்டுக்கு உரிமை கோரக் கடைசித் திகதியே வைக்கவில்லை. டேட்டன் உடன்படிக்கையின் 7ஆம் இணைப்பின்கீழ் ஓர் ஆணைக்குழு அமைத்து, எவர் கையில் எந்த ஆவணம் மிஞ்சியிருந்ததோ அதை வைத்து ஒவ்வொரு கோரிக்கையாகத் தீர்மானித்தார்கள். குடியிருந்தவருக்குப் போக இடமில்லையென்றால் இடம் தேடிக் கொடுப்பது அதிகாரிகளின் வேலையாக இருந்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகள் உரியவர்களிடம் திரும்பின. திரும்பியவர்கள் எல்லாரும் அங்கேயே வாழவில்லை. பலர் விற்றுவிட்டுப் போனார்கள். அது அவர்கள் இஷ்டம், சொத்து என்றால் அதுதான்.

சைப்பிரஸ் வழக்கும் இங்கே பொருந்தும். துருக்கியின் கட்டுப்பாட்டிலிருந்த வடக்கு சைப்பிரஸ் நிர்வாகம் 1985இல் தன் அரசியலமைப்பிலேயே கைவிடப்பட்ட சொத்துகள் எல்லாம் தனக்குரியவை என்று எழுதிக்கொண்டது. கைரீனியாவில் காணி வைத்திருந்த திதினா லோய்சிடூ என்ற பெண் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார். 1996இல் தீர்ப்பு வந்தது. அவரே இன்னும் உரிமையாளர், போக முடியாமல் தடுத்ததுதான் மீறல். நட்டஈட்டைக் கொடுக்காமல் இழுத்தடித்த துருக்கி 2003இல் கொடுத்தது.

இலங்கைக்குத் திரும்புவோம். சட்டத்தரணி ம. ஆ. சுமந்திரன் தொடுத்த வழக்கில் நாட்டின் உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 27இல் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்று மாத அவகாசம் முடிய ஒரு நாள் இருந்தது. பிறகு அரசு வர்த்தமானியை மீளப்பெற்றது. பலர் இதோடு விடயம் முடிந்தது என்று பேசுகிறார்கள். வர்த்தமானி போய்விட்டது, சட்டம் இருக்கிறது. 4ஆம் பிரிவு ஓர் எழுத்தும் மாறாமல் நிற்கிறது. நாளை வேறு திகதியில், வேறு இலக்கத்தில், எதிர்ப்பே எழாத அளவுக்குச் சிறு சிறு துண்டுகளாக அறிவித்தல் வரலாம். 5,940 ஏக்கரை ஒரே நாளில் போட்டதால்தான் ஊர் விழித்தது. ஐம்பது ஐம்பது ஏக்கராகப் போட்டிருந்தால் எத்தனை பேர் வர்த்தமானி படித்திருப்போம்?

ஆகவே கேட்க வேண்டியது அவகாச நீட்டிப்பை அல்ல. மூன்று மாதத்தை ஒரு வருடமாக்கினாலும் மண்டபத்தில் இருப்பவர் மண்டபத்தில்தான் இருப்பார். மாற வேண்டியது யார் முதலில் நிரூபிப்பது என்ற வரிசை. ஒரு காணி அரசுடையது என்று சொல்ல விரும்பினால், காணி நிர்ணயத்துக்குப் பொறுப்பான திணைக்களம் தன்னிடமுள்ள அளவைப் படத்தையும் பதிவையும் முதலில் வைக்கட்டும். அந்தத் துண்டைத் தோம்போடும் பதிவக ஏடுகளோடும் கிராம அலுவலரின் இடாப்போடும் ஒப்பிட்ட முடிவை வைக்கட்டும். அங்கு குடியிருந்தவர் என்று அரசின் சொந்த ஆவணங்களே காட்டும் ஒவ்வொருவருக்கும், அவர் இருக்கும் நாட்டுத் தூதரகம் வழியாக, காணியின் பெயரைச் சொல்லித் தமிழில் கடிதம் போகட்டும். அது முடியாத வேலை என்பவர்கள் வாக்காளர் அட்டை அச்சடிக்கும் வேகத்தைப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் பிறகு அரசிடம் ஆவணம் இல்லை, மக்களிடமும் இல்லை என்றால், அந்தத் தகராறு நிர்ணய அதிகாரியின் மேசைக்குப் போகக்கூடாது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அரசும் அங்கே மற்றவர்களைப் போல ஒரு வழக்காளியாக, தன் முறை வரும்வரை, வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.